‘சிஎம்டிஏ அப்ரூவ்டு பிளாட்’ என்றால் என்ன? புறநகரில் மனை, வீடு வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைத் திறந்தால் முழுப்பக்க விளம்பரம். ‘கிளாம்பாக்கத்திலிருந்து 10 நிமிடம், அப்ரூவ்டு பிளாட், உடனே வீடு கட்டிக் குடியேறலாம்.’ ஜிஎஸ்டி சாலையில் தாம்பரம் தாண்டினால் இதே வாசகம்தான் ஒவ்வொரு போர்டிலும்.

நாமும் போய்க் கேட்கிறோம். “சார், அப்ரூவல் இருக்கா?” “இருக்கு சார், நம்பரே தர்றோம்.” அதோடு நம் கேள்வி முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்த அப்ரூவலை யார் கொடுத்தார்கள்? எதைப் பார்த்துக் கொடுத்தார்கள்? தெருவில் தண்ணீர் நின்றால் அவர்களிடம் போய்க் கேட்க முடியுமா? பூங்கா என்று காட்டிய இடத்தில் நாளைக்குக் கடை வந்தால் யாரிடம் புகார் செய்வது? வாழ்நாள் சேமிப்பைப் போட்டு இடம் வாங்குபவர்களில் பலருக்கு இதற்குப் பதில் தெரியாது.

சென்னைப் புறநகரை வைத்து, நகரமைப்புத் துறை என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பார்க்கலாம்.

சிஎம்டிஏ, டிடிசிபி: யார் இவர்கள்?

வீட்டு வரி வாங்குவதும் குப்பை அள்ளுவதும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. ஆனால் ஊர் எந்தப் பக்கம் வளரணும், எங்கே வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம் என்று முடிவு செய்வது வேறு அமைப்பு.

தமிழ்நாட்டில் இதற்கான அடிப்படை, 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பொறுப்பு. 1972-ல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974-ல் சட்டப்பூர்வ அமைப்பானது. மாநிலத்தின் மற்ற பகுதிகளை டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் பார்த்துக்கொள்கிறது.

சிஎம்டிஏவின் எல்லை பல ஆண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டர். அதனால்தான் ஒரே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூர் பக்கம் ‘சிஎம்டிஏ அப்ரூவ்டு’ என்றும், கூடுவாஞ்சேரி போனால் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்றும் போர்டு மாறுகிறது. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று இல்லை. எல்லைதான் வேறு. 2022 அக்டோபரில் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசு ஆணை பிறப்பித்தது. எனவே நீங்கள் வாங்கப்போகும் ஊருக்கு இப்போது யார் அனுமதி தருகிறார்கள் என்பதைப் புரோக்கரிடம் கேட்காமல், உள்ளாட்சி அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் வேலை: ஊருக்கு வரைபடம் போடுவது

இந்தத் துறையின் முதன்மையான வேலை அப்ரூவல் கொடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டப்படி அதற்கு முன்னால் வருவது மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம்.

அடுத்த 20 ஆண்டுகளில் மக்கள்தொகை எவ்வளவு ஆகும், சாலை எங்கே வேண்டும், தண்ணீருக்கு எது ஆதாரம், எந்த நிலத்தைத் தொடக்கூடாது என்று மொத்தமாக யோசித்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு தருவார்கள். குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனப் பகுதி, திறந்தவெளி, விவசாயம் என்று அது பிரியும்.

சென்னைக்கு இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2001 கணக்கெடுப்பில் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 70 லட்சம். 2026-ல் அது ஒன்றேகால் கோடியாக உயரும் என்று கணித்துத்தான் அந்தத் திட்டம் போடப்பட்டது. அந்தக் கூடுதல் மக்களில் பெரும்பகுதி எங்கே குடியேறினார்கள்? தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி, மேடவாக்கம், மாதவரம் பக்கம்தான்.

பொதுவான வகைப்பாடு போக, சில இடங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலத்தடி நீர் ஊறும் மணல் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய பகுதி ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். இங்கெல்லாம் ‘பக்கத்துல எல்லாரும் கட்டியிருக்காங்களே’ என்று நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வோம்.

நீங்கள் வாங்க நினைக்கும் இடத்தின் சர்வே எண் தெரிந்தால் போதும். அது எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று சிஎம்டிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம். விவசாயம் என்று இருக்கும் நிலத்தை ‘மாத்திக்கலாம் சார்’ என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடுங்கள். வகைப்பாடு மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது விண்ணப்பம், ஆட்சேபணை, ஆய்வு என்று நடக்கும் ஒரு நடைமுறை. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இரண்டாவது வேலை: மனைப்பிரிவு அனுமதி

இப்போது ‘அப்ரூவ்டு பிளாட்’ விஷயத்துக்கு வருவோம்.

ஒருவரிடம் 5 ஏக்கர் நிலம் இருக்கிறது, அதை மனைகளாகப் பிரித்து விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 ஏக்கர் என்றால் 2,17,800 சதுர அடி. மொத்தத்தையும் மனையாக்கி விற்றால் அவருக்கு லாபம். ஆனால் அங்கே குடிவருபவர்களுக்குச் சாலை வேண்டும், குழந்தைகள் விளையாட இடம் வேண்டும், மழைநீர் போக வழி வேண்டும். அந்த இடத்தை விற்பனைக்கு முன்பே ஒதுக்கவைப்பதுதான் மனைப்பிரிவு அனுமதியின் வேலை.

சாலைகளுக்கு எவ்வளவு அகலம் என்று விதி இருக்கிறது. அதோடு ஓஎஸ்ஆர் என்று சொல்லப்படும் திறந்தவெளி ஒதுக்கீடும் உண்டு.

- மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டர் வரை என்றால் திறந்தவெளி ஒதுக்கத் தேவையில்லை.
- 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம்.
- 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. நிலமாகவே கொடுக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் 5 ஏக்கர் என்பது சுமார் 20,000 சதுர மீட்டர். சாலைக்குக் கால்வாசி போய்விட்டது என்றால் மீதி 1,63,350 சதுர அடி. அதில் 10 சதவீதம், 16,335 சதுர அடி. கிட்டத்தட்ட 7 கிரவுண்டு! இன்றைய புறநகர் விலையில் 7 கிரவுண்டு எவ்வளவு பெறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் மேல் ஏன் இத்தனை பேருக்குக் கண் என்பதும் அப்போது புரியும்.

சாலைகளையும் இந்தத் திறந்தவெளியையும் நிலத்தின் உரிமையாளர் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அவை பொதுச் சொத்து. பராமரிக்கவும் ஆக்கிரமிப்பு வராமல் பார்க்கவும் வேண்டியது உள்ளாட்சி அமைப்பு.

இங்கதான் பல ஊர்களில் சிக்கல் ஆரம்பிக்கிறது. வரைபடத்தில் பூங்கா இருக்கும். நேரில் போனால் முள்செடியும் கட்டடக் கழிவும் கிடக்கும். கொஞ்ச நாளில் ஒருவர் ஷெட் போடுவார், அப்புறம் கோயில் வரும், கடை வரும். உங்கள் நகரில் இப்படி ஓர் இடம் இருந்தால், அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் தானப் பத்திரத்தின் நகலையும் நலச்சங்கம் கையில் வைத்திருப்பது முக்கியம். ஆக்கிரமிப்பு வந்த பிறகு தேடுவதைவிட முன்னாடியே வாங்கி வைப்பது சுலபம்.

அப்போ ‘பஞ்சாயத்து அப்ரூவல்’?

புறநகரில் பழைய மனை வாங்கியவர்கள் அடிக்கடி கேட்ட வசனம் இது: “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, கவலைப்படாதீங்க.”

உண்மையில், நகரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் ஊராட்சி மட்டும் ஒரு மனைப்பிரிவை அங்கீகரித்துவிட முடியாது. ஆனாலும் பல ஆண்டுகள் விவசாய நிலங்கள் இப்படித் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டன, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆயின. வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பங்கள். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார்கள்.

2016-ல் நிலைமை மாறியது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. புறநகர் ரியல் எஸ்டேட் ஒரே நாளில் நின்றுபோனது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவரும் மாட்டிக்கொண்டார், பல ஏக்கரைப் பிரித்து விற்ற வியாபாரியும் மாட்டிக்கொண்டார்.

இதற்குத் தீர்வாக 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமில்லாத மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று அரசு வழி செய்தது. நீர்நிலை, அரசுப் புறம்போக்கு, பொதுச் சாலை, ஏற்கெனவே பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதில் இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது.

ஒன்று, மனை உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது என்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. பதிவுத் துறை வேறு, நகரமைப்புத் துறை வேறு.

இரண்டு, வரன்முறை செய்தால் காகிதம் சரியாகும், தெரு அகலமாகாது. 12 அடித் தெருவில் ஆம்புலன்ஸ் வரச் சிரமப்படும் என்றால், கட்டணம் கட்டிய பிறகும் சிரமப்படத்தான் செய்யும். விடாமல் போன பூங்கா திரும்பி வராது. விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். வாங்கியவர் கட்டணமும் கட்டி, குறுகிய தெருவிலும் வாழ்கிறார்.

மூன்றாவது வேலை: வீட்டுக்கான அனுமதி

மனைக்கு அனுமதி இருக்கிறது. இனி வீடு கட்ட வேண்டும். இதில் இரண்டு அனுமதிகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

திட்ட அனுமதி என்பது இந்த இடத்தில், இந்தப் பயன்பாட்டுக்கு, இந்த அளவில் கட்டலாம் என்று நகரமைப்புச் சட்டப்படி தருவது. கட்டட அனுமதி என்பது உள்ளாட்சி அமைப்பு தருவது. சின்ன வீடுகளுக்கு இரண்டையும் உள்ளாட்சியே தரும்படி அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. பெரிய கட்டடங்கள்தான் சிஎம்டிஏ, டிடிசிபி வரை போகும்.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. இதில் எல்லோரும் கேள்விப்படும் சொல் எஃப்எஸ்ஐ, அதாவது தளப்பரப்புக் குறியீடு. உயரமான அடுக்குமாடி அல்லாத கட்டடங்களுக்கு இது 2. உங்கள் மனை 1,200 சதுர அடி என்றால், எல்லாத் தளமும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். அதோடு முன்னால், பின்னால், பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடமும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் போக, தீப்பிடித்தால் ஆள் நுழைய, மழைநீர் மண்ணில் இறங்க அந்த இடம் வேண்டும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுபவர்கள், இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதிதான்.

ஆனால் பெயரிலேயே இருக்கிறது, இது ‘சுய’ சான்று. விதிப்படி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அளவு மீறிக் கட்டிவிட்டு, ‘அனுமதி இருந்ததே’ என்று பின்னால் சொல்ல முடியாது.

அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்குபவர்கள் கூடுதலாக இரண்டைப் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் ரெரா பதிவு எண் வேண்டும். கட்டி முடித்த பிறகு, தேவைப்படும் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டும். அது இல்லாமல் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கேட்டுப் போனால் இழுபறிதான்.

அனுமதி இருந்தும் தண்ணீர் வருவது ஏன்?

புறநகர்வாசிகளின் மனதில் இருக்கும் பெரிய கேள்வி இதுதான்.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம், மேற்கு தாம்பரம் பகுதிகளில் தரைத்தளம் மூழ்கி, மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். அப்படி ஒரு மழைக்கு எந்த ஊராக இருந்தாலும் திணறும்தான். ஆனால் அதைவிடக் குறைந்த மழையிலும் இந்தப் பகுதிகளில் தண்ணீர் நின்றதை அங்கே குடியிருப்பவர்கள் அறிவார்கள்.

காரணம், இந்தப் பகுதிகள் ஏரிகளால் கோக்கப்பட்டவை. ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், கடைசியில் ஆற்றில் சேரும். விவசாயம் இருந்தவரை அந்தக் கால்வாய்களை யாராவது தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். வயல் மனையானதும் கால்வாய்க்குப் பாசன வேலை இல்லாமல் போனது. ஆனால் மழைக்கு அது தெரியாதே! தண்ணீர் பழைய வழியிலேயே வருகிறது. அந்த வழியில் இப்போது வீடு நிற்கிறது.

ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது, அந்த 5 ஏக்கருக்குள் சாலை, பூங்கா எல்லாம் சரியா என்று பார்க்கிறார்கள். ஆனால் தண்ணீர் 5 ஏக்கர் கணக்கில் ஓடுவதில்லை. பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று என்று 10 மனைப்பிரிவுகள் தனித்தனியாகச் சரியாக இருந்தாலும், மொத்தமாகச் சேரும்போது நீரோட்டம் அடைபடலாம். அதை முன்கூட்டியே பார்க்க வேண்டிய இடம் மாஸ்டர் பிளானும் அதன் அடியில் வரும் விரிவான பகுதித் திட்டங்களும்தான்.

அதோடு, பொறுப்பும் பல துறைகளுக்குச் சிதறிக் கிடக்கிறது.

- ஏரிப் புறம்போக்கின் பதிவேடு வருவாய்த் துறையிடம் இருக்கிறது.
- ஏரியையும் ஆற்றையும் பராமரிப்பது நீர்வளத் துறை. வெள்ளம் சூழும் இடமா என்று பார்த்துத் தடையில்லாச் சான்று தருவதும் அவர்கள்தான். சிறிய ஏரிகள், குளங்கள் பல உள்ளாட்சியிடம் உண்டு.
- தெருவில் மழைநீர் வடிகால் கட்டுவது உள்ளாட்சி.
- பெரிய சாலையின் ஓரத்தில் இருக்கும் வடிகால் நெடுஞ்சாலைத் துறை.
- எங்கே எது வரலாம் என்று சொல்வது நகரமைப்புத் துறை.

தண்ணீர் நின்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவது இதனால்தான். 2015 வெள்ளம் பற்றி 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் நகரமைப்பில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கடலுக்கு அனுப்பிய சதுப்பு நிலம் அது. குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலகங்கள், குடியிருப்புகள் என்று சுருங்கிச் சுருங்கி, மிச்சமிருப்பதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு முன்பு போனது போனதுதான்.

கட்டுவதும் இவர்கள்தான்

சிஎம்டிஏ காகிதத்தில் திட்டம் போடுவதோடு நிற்பதில்லை. கோயம்பேடு காய்கறிச் சந்தையையும் அங்குள்ள பேருந்து நிலையத்தையும் கட்டியது சிஎம்டிஏ. 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இவர்கள் கட்டியதுதான்.

கிளாம்பாக்கம் திறந்தபோது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பேருந்து நிலையம் தயார், பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கியவர்கள் நகருக்குள் போக மாற்று வண்டி தேடினார்கள். ஒரு பெரிய திட்டம் நல்லதா கெட்டதா என்பதை அதன் கட்டடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதோடு வரவேண்டிய ரயில், சாலை, வடிகால் சேர்ந்து வருகிறதா என்பதும் தீர்மானிக்கிறது. மனைப்பிரிவுக்கும் இதே கணக்குதான்.

விதிமீறல் நடந்தால்?

அனுமதி இல்லாமல் அல்லது அனுமதியை மீறிக் கட்டினால் வேலையை நிறுத்தச் சொல்லவும், கட்டியதை அகற்றச் சொல்லவும் 1971-ம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57-வது பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. பூட்டி சீல் வைக்கவும் முடியும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? நோட்டீஸ் போகும், மேல்முறையீடு வரும், வழக்கு வரும், ஆண்டுகள் ஓடும். இதற்கிடையே 1999-ல் ஒருமுறை, பிறகு 2007 ஜூலைக்கு முந்தைய கட்டடங்களுக்கு ஒருமுறை, 2017-ல் மனைகளுக்கு ஒருமுறை என்று வரன்முறைச் சலுகைகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் ஏழை எளிய மக்கள் பாதிக்கப்படக்கூடாது என்ற நியாயம் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர், ‘நான்தான் ஏமாளியா?’ என்று கேட்டால் அதற்கும் பதில் வேண்டுமே.

நம்மிடம் யாராவது கேட்கிறார்களா?

அரசியலமைப்பின் 74-வது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் முதலாவதாக வைத்திருப்பது நகரத் திட்டமிடலைத்தான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி இன்னும் மாநில அரசின் கீழ் உள்ள அமைப்புகளிடமே இருக்கிறது. நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரிடம் சாலை ஏன் குறுகலா இருக்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சாலையை வரைந்தது அவர் இல்லை.

2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஊராட்சியாகவும் பேரூராட்சியாகவும் இருந்தபோது போட்ட தெருக்களை வைத்துக்கொண்டு இனி மாநகராட்சி தரத்தில் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தர வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்பதை மழைக்காலத்தில் தோண்டிப் போட்ட தெருக்களில் நடப்பவர்கள் பார்க்கிறார்கள்.

ஆனாலும் மக்கள் பேச ஓர் இடத்தைச் சட்டம் வைத்திருக்கிறது. மாஸ்டர் பிளான் வரைவு தயாரானதும் அதை வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். இந்த இரண்டு மாதங்களில் பெரிய நில உரிமையாளர்களும் கட்டுமான நிறுவனங்களும் கவனமாகப் படித்து மனு கொடுத்துவிடுவார்கள். குடியிருப்பவர்களில் பலருக்கு அப்படி ஒரு அறிவிப்பு வந்ததே தெரியாது.

இப்போது இது ஏன் முக்கியம்? இரண்டாவது மாஸ்டர் பிளானின் இலக்கு ஆண்டு 2026. அடுத்து 2046 வரையிலான மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கான பணிகளை சிஎம்டிஏ மேற்கொண்டு வருகிறது. உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலம் ஏரியின் உபரிநீருக்கு விடப்படுமா, குடியிருப்பாக மாறுமா என்பது அதில்தான் எழுதப்படும்.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகம் வரலாம். சிட்லபாக்கத்தில் 2019 கோடையில் வறண்ட ஏரியில் குடியிருப்பாளர்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள், தொடர்ந்து மனு கொடுத்தார்கள். அந்த ஏரியைச் சீரமைக்க அரசு ரூ.25 கோடி அறிவித்தது.

மனை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

1. சர்வே எண்ணை வாங்கி, மாஸ்டர் பிளானில் அதன் நில வகைப்பாடு என்ன என்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள படம் போதாது.

2. அப்ரூவல் எண்ணோடு நிறுத்தாமல், அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தை வாங்குங்கள். உங்கள் மனை எண் அதில் எங்கே இருக்கிறது, சாலை அகலம் எவ்வளவு, திறந்தவெளி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டேப் எடுத்துக்கொண்டு நேரில் போய் அளந்து பாருங்கள். பூங்கா இடமே மனையாக விற்கப்பட்ட கதைகள் உண்டு.

3. பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் இணையத்தில் நீங்களே எடுங்கள். புல வரைபடத்தில் வாய்க்கால், குளம், வண்டிப்பாதை ஏதாவது உங்கள் மனையைத் தொடுகிறதா என்று கவனியுங்கள்.

4. பழைய மனை என்றால் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். ‘பதிவு ஆகும் சார்’ என்பது அதற்குப் பதில் அல்ல.

5. மழைக்காலத்தில் ஒருமுறை போங்கள். அக்கம்பக்கத்தில், குறிப்பாக டீக்கடையில், “2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு?” என்று கேளுங்கள். எந்தச் சான்றிதழும் சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

6. ஏற்கெனவே குடியிருப்பவர் என்றால், உங்கள் மனைப்பிரிவின் வரைபடம், தானப் பத்திர விவரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

7. மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும் அறிவிப்பைக் கவனித்து, நலச்சங்கம் மூலம் உங்கள் பகுதிப் பக்கத்தைப் படித்து எழுத்தில் கருத்து கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

‘அப்ரூவ்டு’ என்ற சொல் பொய் இல்லை. அந்த 5 ஏக்கருக்குள் விதிப்படி இடம் விடப்பட்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த 5 ஏக்கருக்கு வெளியே தண்ணீர் எந்தப் பக்கம் போகும், சாலை எங்கே சேரும் என்பதை மாஸ்டர் பிளான்தான் சொல்ல வேண்டும். மனை வாங்கும்போது அப்ரூவல் எண்ணைக் கேட்கிற நாம், அந்த வரைபடத்தையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.